பத்து பவுண்டு குருமனை

என் அம்மாவின் சிறுவயது முழுவதும் குருமனைகளில் கழிந்தது. தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஐயராக இருந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. சபையின் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் குடியிருக்கும் வீடு குருமனை. சில வருடத்துக்கு ஒரு மாற்றல் வரும். புது ஊர், புதுக் கிணறு, புதுப் பள்ளிக்கூடம். எந்தக் குருமனையிலும் சுவரில் ஆணி அடிக்கத் தாத்தா விடமாட்டாராம். "நம்ம வீடா இது? நாளைக்கு வர்ற ஐயரு என்ன நெனைப்பாரு?" முந்தைய ஐயர் அடித்துவிட்டுப் போன ஆணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் காலண்டர் தொங்கும். ஒரு ஊரில் அது அடுப்படிக்குள் இருந்ததாக அம்மா சொல்வாள். தேதி பார்க்க எல்லாரும் அடுப்படிக்குப் போவார்களாம்.

இங்கிலாந்துக்கு வந்து பல வருடம் கழித்து, ஆல்ஃபிரிஸ்டன் ஊரில் 'கிளர்ஜி ஹவுஸ்' என்ற அறுநூறு வருடப் பழைய குருமனை ஒன்றைப் பார்க்கப் போனேன். வாசலில் நிற்கும்போது அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது.

கிழக்கு சசெக்ஸில் பெர்விக் என்று ஒரு குட்டி ரயில் நிலையம். அங்கே இறங்கித் தெற்கே மூன்று மைலுக்குள் நடந்தால் ஆல்ஃபிரிஸ்டன். பேருந்தும் உண்டு, ஆனால் அதை நம்பிப் போகவேண்டாம். வழி முழுக்க சவுத் டவுன்ஸ் குன்றுகள். பச்சைப் போர்வையை எங்கே விலக்கினாலும் கீழே வெள்ளைச் சுண்ணக்கல். பள்ளத்தாக்கின் நடுவே கக்மியர் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. ஊரில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரே தெரு, அதுவும் ஒரு கார் போனால் இன்னொன்று ஒதுங்கி நிற்கவேண்டிய அகலம். தெருவுக்குப் பின்னால் 'டை' என்று ஒரு புல்திடல். அதன் மேட்டில் புனித அந்திரேயா தேவாலயம், சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய கோயிலா என்று கேட்கத் தோன்றும். 'டவுன்ஸின் கதீட்ரல்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

கோயில் தலைநிமிர்ந்து நிற்க, அதன் பக்கத்தில் வீடு குனிந்து உட்கார்ந்திருக்கிறது. வீடு என்பதைவிடக் கூரை என்று சொல்லலாம். தடித்த வைக்கோல் கூரை. நான்கு பக்கமும் சரிந்து இறங்கி, காதுவரை இழுத்துவிட்ட தொப்பி போலச் சுவர்களை மூடுகிறது. கீழே தெரிகிற கொஞ்சச் சுவரில் கறுத்த ஓக் சட்டங்கள், நடுநடுவே சுண்ணாம்பு அடித்த வெள்ளை. எங்கள் ஊர்க் குருமனைகளில் இருந்த கம்பீரம், அந்த உயரமான வராந்தா, தூண்கள், எதுவும் இங்கே இல்லை. இங்கிலாந்துக்காரர்கள் நமக்குக் கட்டிக் கொடுத்தது பங்களா, தங்கள் ஊரில் தங்கள் பாதிரியாருக்கு வைத்திருந்தது குடிசையா என்று ஒரு நிமிடம் தோன்றியது. காலம் வேறு, அதனால் நியாயமில்லாத ஒப்பீடுதான். ஆனாலும் தோன்றியது.

இந்த வகை வீட்டுக்கு 'வீல்டன்' வீடு என்று பெயர். கென்ட், சசெக்ஸ் மாவட்டங்களின் நடுவே கிடக்கும் பழைய காட்டுப் பிரதேசம் வீல்ட். ஓக் மரத்துக்குப் பஞ்சமே இல்லாத நிலம். மத்தியகாலத்தில் கொஞ்சம் வசதியான விவசாயிகள் அங்கே ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் கட்டினார்கள். நடுவில் ஒரு கூடம், தரையிலிருந்து கூரை முகடுவரை மேல்தளமே இல்லாமல் திறந்து கிடக்கும். இரண்டு கோடியிலும் இரண்டு அடுக்கு அறைகள். ஒரு கோடியில் வீட்டுக்காரரின் அறையும் அதன் மேல் படுக்கை அறையும். மறு கோடியில் பானம் வைக்க ஒரு அறை, ரொட்டியும் மற்றதும் வைக்க ஒரு அறை. கூடத்தின் அந்த ஓரமாக முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நேராக ஒரு நடை போகும். நம் ஊர் ரேழியை வீட்டின் குறுக்கே போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. கோடி அறைகளின் மேல்மாடி, கீழ்ச்சுவரைத் தாண்டி ஒரு முழம் போல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நடுக் கூடத்துக்கு மாடி கிடையாது, அதனால் அதன் சுவர் நீட்டிக்கொள்ள முடியாமல் உள்வாங்கி நிற்கும். ஆனால் கூரை ஒன்றுதான். அதன் விளிம்பு நேராக ஓடவேண்டும். அப்படியானால் கூடத்துக்கு முன்னால் கூரையைத் தாங்கும் உத்தரம் அந்தரத்தில் தொங்கும். அதைப் பிடிக்க இரண்டு பக்கமும் வில்லாக வளைந்த மரக்கைகள் கொடுத்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால், வீடு நடுவில் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். அந்த வளைவுக்காக மரத்தை வளைக்கவில்லை. காட்டுக்குப் போய், வளைந்தே வளர்ந்த கிளையைத் தேடி வெட்டிக்கொண்டு வந்தார்கள்.

மரவேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓக்கை அவர்கள் காயவைக்கவில்லை, வெட்டிய பச்சை ஈரத்தோடு வேலை செய்தார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது என்பது ஒரு காரணம். சட்டங்களைத் தச்சர் தன் களத்தில் தரையில் பரப்பி, ஒன்றில் நாக்கு போலக் கழுந்தும் இன்னொன்றில் அது நுழையத் துளையும் செதுக்கி, எது எதோடு சேரும் என்று ரோமன் எண்களைப் போலக் கீறி அடையாளம் போடுவார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, வீடு எழும்பும் இடத்தில் மறுபடி கோப்பார்கள். இன்றைக்குப் பெட்டியில் வந்து இறங்கும் மேசையை நாம் எண் பார்த்துப் பூட்டுகிறோமே, அதே கதைதான், இங்கே பெட்டிக்குள் முழு வீடு. இணைப்பில் இரும்பு கிடையாது. ஓக்கில் உள்ள துவர்ப்பு இரும்பைத் தின்றுவிடும். அதனால் மரமுளைதான். அதிலும் ஒரு சூது. துளைப் பலகையில் போட்ட ஓட்டையும் கழுந்தில் போட்ட ஓட்டையும் நேராக இருக்காது, வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போட்டிருப்பார்கள். நன்கு காய்ந்த முளையை அதில் அடித்து இறக்கும்போது அது இரண்டையும் இழுத்து இறுக்கும். பச்சை மரம் காயக் காய இன்னும் முறுக்கிக்கொள்ளும். சட்டங்கள் கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். காய்ந்து முடிந்து, கோணியபடியே இறுகிவிட்டது என்பதுதான் சரி.

ஆணியே அடிக்காத வீடு. தாத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒன்றுக்கு மட்டும் நம் ஊர் ஆசாரிகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தூணுக்கு மரத்தை நிறுத்தும்போது அடிமரம் கீழே, நுனி மேலே என்பது நம் முறை. இந்த வீடுகளில் முக்கியமான தூண்களைத் தலைகீழாக நட்டார்கள், வேர்ப்பக்கத்துப் பருத்த அடி மேலே வரும்படி. காரணம் நம்பிக்கை இல்லை, கணக்கு. தூணின் உச்சியில் மூன்று மரங்கள் சந்திக்கின்றன: தூண், சுவர் நீளத்துக்கு ஓடும் உத்தரம், வீட்டின் குறுக்கே போகும் விட்டம். மூன்றையும் ஒரே இடத்தில் பூட்ட அங்கே அதிக சதை வேண்டும். மரத்தில் அதிக சதை இருப்பது அடியில். அப்படியானால் திருப்பி நடு, அவ்வளவுதான்.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண் மேலே போகிறது. குறுக்கு விட்டத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண் எழும்பி, நான்கு திசையிலும் வளைந்த கைகளை விரித்து, கூரையின் நீளத்துக்கு ஓடும் சட்டம் ஒன்றைத் தாங்கிப் பிடிக்கிறது. அதன் மேல் கைமரச் சோடிகள் வரிசையாக. அதற்கும் மேலே இருட்டு. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். பிறகுதான் கேள்வி வந்தது: இத்தனை உயரம் எதற்கு? பாதிரியார் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட முகடுவரை காலியிடம் எதற்கு?

புகைக்கு. அந்த உயரம் முழுவதும் புகையின் இடம். கட்டிய காலத்தில் இப்படிப்பட்ட வீடுகளில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு எரியும். அதுவே அடுப்பு, அதுவே குளிருக்குக் கணப்பு, அதுவே சாயங்காலத்துக்கு விளக்கு. புகை எழும்பி மேலே தேங்கும். கூரையின் இரண்டு கோடியிலும் முகட்டுக்கு அடியில் சின்ன முக்கோணத் திறப்பு வைப்பார்கள், மெல்ல அதன் வழியாகவும் வைக்கோலின் ஊடாகவும் கசியும். கீழே மனிதர்கள், மேலே புகை. நிற்கிற உயரத்துக்கு மேல் ஒரு கோடு இருந்திருக்க வேண்டும், அதைத் தாண்டித் தலையை நீட்டினால் கண் எரியும். அதனால்தானோ என்னவோ அந்தக் காலத்து முக்காலிகள், பெஞ்சுகள் எல்லாம் தாழ்வு. இது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய வீட்டை ஆராய்கிறவர்கள் ஏணி போட்டு முதலில் கூரைக்குள் ஏறுவது அந்தப் புகைக்காகத்தான். இன்று பரண்களும் மாடியும் வைத்து அடையாளம் தெரியாமல் மாறிவிட்ட வீட்டில்கூட, கைமரங்களில் கரி படிந்திருந்தால் அங்கே ஒரு காலத்தில் திறந்த கூடம் இருந்தது என்று அர்த்தம். டெவன் பக்கம் சில வீடுகளில் மத்தியகாலத்து வைக்கோலே அடி அடுக்கில் கரி பிடித்து அப்படியே கிடக்கிறது. மேலே மேலே புதுசு வேய்ந்தார்களே தவிர, அடியைப் பிரிக்கவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் புகைபோக்கி பரவியது. அதைப் பற்றி எழுதிவைத்தவரும் ஒரு குருவானவர்தான். எஸெக்ஸில் ராட்விண்டர் ஊரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன். தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளில் பார்த்த பெரிய மாற்றங்கள் மூன்று என்று சொன்னதை 1577-இல் அச்சேற்றியிருக்கிறார். புதுசு புதுசாக முளைத்துவிட்ட புகைபோக்கிகள் ஒன்று. வைக்கோல் பாயும் தலைக்கு மரக்கட்டையும் போய் மெத்தை தலையணை வந்தது ஒன்று. மரத்தட்டு போய் ஈயக்கலவைத் தட்டு வந்தது ஒன்று. அந்தக் காலத்தில் புகை வீட்டு மரத்தை உறுதியாக்கும், குடும்பத்துக்குச் சளித்தொல்லை வராமல் காக்கும் என்று நம்பினார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்தக் குரலில் நம் பெரியப்பாக்கள் "அந்தக் காலத்துல விறகடுப்புல ஆக்கின சோறு" என்று ஆரம்பிக்கும் சாயல் இருக்கிறது. புகைபோக்கி வந்ததும் திறந்த கூடத்துக்கு வேலை போய்விட்டது. வீணாகக் கிடக்கும் உயரத்தில் மாடி போட்டால் இரண்டு அறை கிடைக்குமே. இங்கிலாந்து முழுக்கக் கூடங்கள் அப்படித்தான் மறைந்தன.

அப்புறம் அந்தத் தரை. ஆல்ஃபிரிஸ்டன் வீட்டுக்கு வருகிற எல்லாரும் இதைத்தான் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். மலையிலிருந்து வெட்டிய சுண்ணக்கல்லைப் பொடித்துக் கொட்டி, இடித்து இறுக்கி, மேலே புளித்த பால் ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். பாலில் உள்ள கேசீன் நல்ல பசை. சுண்ணாம்போடு சேர்த்து அதைப் பழைய தச்சர்கள் மரம் ஒட்டவே பயன்படுத்தினார்கள். செட்டிநாட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக் கரு, இங்கே தரையில் பால். நான் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். சிமெண்ட்டின் சில்லிப்பு இல்லை, மண்ணின் சொரசொரப்பும் இல்லை. பழைய தந்தத்தின் நிறம், கொஞ்சம் பளபளப்பு, அங்கங்கே லேசான மேடு பள்ளம். பால் வாசனை வருகிறதா என்று மோந்துகூடப் பார்த்தேன். இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலையும் விடக்கூடாது. அந்தக் காலத்து ஜன்னலில் கண்ணாடி கிடையாது. அது பணக்காரச் சமாச்சாரம். சதுர மரக்கம்பிகளை நட்டுவைத்த ஒரு திறப்பு, குளிர் தாங்காவிட்டால் மூட ஒரு பலகைக் கதவு. ஆங்கிலத்தில் ஜன்னலுக்கு உள்ள 'விண்டோ' என்ற சொல் பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. பிரித்தால் 'காற்றின் கண்'. நாம் இன்று சொல்லும் ஜன்னல் போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. ஆனால் பழந்தமிழில் 'காலதர்' என்று ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இரண்டு ஊர்க்காரனும் வெளிச்சத்தை நினைத்துப் பெயர் வைக்கவில்லை, காற்றை நினைத்துத்தான் வைத்திருக்கிறான். கண்ணாடி இல்லாத ஜன்னல் பக்கத்தில் ஒரு ஜனவரி மாதம் உட்கார்ந்தால் ஏன் என்று புரியும்.

ஆக இவ்வளவு நேரம் நான் சொன்னதில் தேவாலயச் சாயல் எங்காவது இருந்ததா? சிலுவை இல்லை, கூர்வளைவுக் கல் வாசல் இல்லை. இது அப்பட்டமான விவசாயி வீடு. கிளர்ஜி ஹவுஸ் என்ற பெயர் வந்தது யார் குடியிருந்தார்கள், நிலம் யார் கையில் இருந்தது என்பதை வைத்து. அதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. மத்தியகாலக் கிராமப் பாதிரியார் பாதி விவசாயிதான். கோயில் மானிய நிலத்தை உழுது பயிர் வைத்தார். ஊர் விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகம் பொருளாகவே வரும். கதிர்க்கட்டு, ஆட்டு ரோமம், முட்டை, பன்றிக்குட்டி. அதிலும் மேல் கீழ் உண்டு. தானியம், வைக்கோல் போன்ற பெரிய தசமபாகத்துக்கு உரிமை உள்ளவர் ரெக்டர். பல ஊர்களில் அந்த உரிமையை மடாலயங்கள் வாங்கிக்கொண்டன. பிறகு ஊரில் பூசை செய்ய ஒரு மாற்றாளை வைத்தன. அந்த மாற்றாள்தான் விகார். அவருக்கு மிச்சம் முட்டையும் பன்றிக்குட்டியும். ஆல்ஃபிரிஸ்டன் விகார் ஊர். பெரிய வரும்படி இல்லாத இடம்.

அந்த வறுமைதான் வீட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் குருவானவர்கள் கனவான்களாக உயர்ந்தார்கள். ஏழைப் பாதிரியார்களின் வருமானத்தை உயர்த்த 1704-இல் ஆன் அரசி ஒரு நிதி ஏற்படுத்தினார். 1776-இல் வந்த ஒரு சட்டம், வருமானத்தை அடமானம் வைத்துக் குருமனை கட்டிக்கொள்ளக் குருக்களுக்கு வழி செய்தது. நாடு முழுக்கப் பழைய வீடுகளை இடித்துச் சமச்சீரான முகப்பும் நீள ஜன்னல்களும் வைத்த பெரிய வீடுகள் எழுந்தன. யார்க்ஷயரில் நாவலாசிரியைகளான பிராண்ட்டி சகோதரிகள் வளர்ந்த ஹாவொர்த் குருமனை அந்தத் தலைமுறைதான். இன்றைக்கு 'பழைய ரெக்டரி விற்பனைக்கு' என்று விளம்பரத்தில் வருகிறவற்றில் பெரும்பாலும் இந்த வகை வீடுகள்தான். காசு இருந்த ஊரில் மத்தியகால வீடு போயிற்று. காசில்லாத ஊரில் அல்லது யாரும் கண்டுகொள்ளாத ஊரில் தங்கியது. சாமர்செட்டில் மச்செல்னி என்ற ஊரில் இன்னொரு பழைய பாதிரியார் வீடு இருக்கிறது, 1308-ஐ ஒட்டியது. இதே வைக்கோல் கூரை, இதே கூட அமைப்பு, சுவர் மட்டும் கல்.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் படித்தபோதுதான் தாத்தாவின் ஆணி எனக்கு முழுசாகப் புரிந்தது. குருமனை பாதிரியாருக்குச் சொந்தம் இல்லை, ஆனால் பழுது பார்க்கும் பொறுப்பு அந்தக் காலத்தில் அவருடையது. போகிறவர், அல்லது செத்துவிட்டால் அவர் குடும்பம், வீட்டில் விட்டுப்போன சேதத்துக்கு அடுத்து வருகிறவருக்குக் காசு கொடுக்கவேண்டியிருந்தது. பழைய திருச்சபைச் சட்டம் அது. 1871-இல் தனிச் சட்டமாகவே போட்டார்கள். கணவனை இழந்து, வீட்டையும் காலி செய்யவேண்டிய பெண்ணிடம் ஓட்டைக் கூரைக்கான பில்லை நீட்டுவார்கள். இப்படி ஒரு வீட்டில் யார் ஆசை ஆசையாகக் கைவைப்பார்கள்? கட்டி அழகாக்கினால் பயன் அடுத்தவனுக்கு. கெடுத்தால் தண்டம் நமக்கு. ஒழுகாமல் பார்த்துக்கொண்டு, இருக்கிறபடி விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

ஆல்ஃபிரிஸ்டனில் கடைசியில் அதுவும் நின்றுபோயிற்று. குருவானவர்கள் வேறு வீட்டுக்குப் போய்விட, பழைய வீட்டைத் தடுத்து இரண்டாக்கிக் கூலி வேலைக்காரர்களைக் குடிவைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூரை சரிந்து, இடிப்பதுதான் வழி என்ற நிலை. உள்ளே இருந்த ஒரு வயதான பெண்மணி "நான் சாகிறவரை விட்டுவையுங்கள்" என்று கெஞ்சியதாகவும், அதனால் இடிப்பு தள்ளிப்போனதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. அந்த இடைவெளியில் எஃப். டபிள்யூ. பெய்னன் என்ற விகார் வந்து சேர்ந்தார். இதை இடிக்கக்கூடாது என்று அவர் கதவு கதவாகத் தட்டினார்.

அவர் தட்டிய கதவுகளில் ஒன்று, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸும் கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப்பும் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம். புதுப்பிக்கிறேன் என்று பழைய கோயில் சுவர்களைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய அந்தக் காலத்துக் கட்டடக்காரர்களை எதிர்த்துப் பிறந்த சங்கம். அதனால் அதற்கு 'ஆன்டி ஸ்க்ரேப்' என்று செல்லப்பெயர். தமிழில் சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று போட்டால் வேறு அர்த்தம் வந்துவிடும். மாரிஸ் சோஷலிஸ்ட் என்பதால் அதுவும் பொருந்தும். இன்னொரு கதவு, பழைய இடங்களை வாங்கிக் காப்பாற்றவென்று 1895 ஜனவரியில்தான் பிறந்திருந்த நேஷனல் டிரஸ்ட். லண்டன் ஏழைகளுக்கு வீடு ஏற்பாடு செய்து பெயர் வாங்கிய ஆக்டேவியா ஹில், வக்கீல் ராபர்ட் ஹண்டர், பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி, மூவரும் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் கையில் அப்போது வேல்ஸ் கடற்கரையில் ஒரு குன்றுச் சரிவு மட்டும் இருந்தது, அதுவும் தானமாக வந்தது. கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது.

1896-இல் இந்த வீட்டைத் திருச்சபை நிர்வாகத்திடமிருந்து பத்து பவுண்டுக்கு வாங்கினார்கள். நேஷனல் டிரஸ்டின் முதல் கட்டடம். அரண்மனையோ கோட்டையோ இல்லை, சரிந்த கூரை வீடு. இதே அமைப்பிடம் பின்னாளில் எத்தனையோ மாளிகைகள் வந்து சேர்ந்தன. கிளைவ் குடும்பத்தின் பாவிஸ் கோட்டையும் சேர்த்து. திப்பு சுல்தானின் கூடாரம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் என் ரத்த அழுத்தம் ஏறும், விடுங்கள்.

வாங்கியது பத்து பவுண்டு என்றாலும் நிமிர்த்தி நிறுத்த அதைப்போலப் பல மடங்கு ஆயிற்று. ஊர் ஊராக நன்கொடை கேட்டார்கள். வேலையைப் பார்த்தவர் ஆல்ஃபிரட் பவல் என்ற இளம் கட்டடக் கலைஞர். மாரிஸின் சங்கம் சொன்ன வழி: இற்றுப்போனதை மட்டும் எடு, புது மரம் வைத்தால் அது புதுசு என்று தெரியட்டும், பழசு மாதிரி நடிக்க வைக்காதே. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஆயிரம் வருடக் கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கூடத்தின் ஓரத்தில், உத்தரத்தை ஒட்டி ஒரு ஓக் இலை செதுக்கியிருக்கிறது. நேஷனல் டிரஸ்டின் சின்னமான ஓக் இலைக்கு இதுதான் தூண்டுதல் என்று சொல்லிக்கொள்வார்கள். சின்னம் 1930-களில் வந்தது, வரைந்தவர் ஜோசப் ஆர்மிடேஜ் என்ற சிற்பி. அவர் இதைப் பார்த்துத்தான் வரைந்தாரா என்பது வேறு விஷயம். இலை சின்னதுதான். யாராவது சுட்டிக் காட்டாவிட்டால் தவறவிடுவீர்கள்.

போன கோடையில் அம்மா வந்திருந்தாள். கடற்கரை, லண்டன் எல்லாம் காட்டியாயிற்று. ஒரு நாள் இங்கே கூட்டிப் போனேன். நான் மூச்சுவிடாமல் விட்டம், முளை, புகை என்று விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பின்வாசலில் நின்று கோயிலைப் பார்த்தாள்.

"கிட்டதாம்ட்டீ. மணியடிச்ச பெறவு கெளம்பினாலும் போயிரலாம்."

மறுபடி உள்ளே வந்து கூடத்தைச் சுற்றினாள். "ஐயரம்மா எங்க படுப்பா?"

அந்தக் காலத்தில் ஐயரம்மா கிடையாதம்மா, கத்தோலிக்கக் குரு, கல்யாணம் கூடாது, 1549-இல்தான் முதல் முதலாகச் சட்டம் அனுமதித்தது, நடுவில் ஒரு ராணி வந்து அதையும் நிறுத்தினாள் என்று சொன்னேன். வீட்டு வேலைக்கு ஒரு அம்மா இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் ஆச்சி ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டால் அரிக்கேன் விளக்கைத் தூண்டிக்கொண்டு தாத்தாவுக்கு முன்னால் எழும்பிவிடுவாளாம். வந்திருப்பவர் முகத்தைப் பார்த்ததும் சாவா, பிரசவமா, குடிகாரச் சண்டையா என்று தெரிந்துவிடுமாம். சாவு என்றால் தாத்தாவை எழுப்பிவிட்டு, போய்ச் சேர்வதற்குள் குடிக்க ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி போடுவாள்.

"அப்போ இங்க ராத்திரி கதவத் தட்டுனா யாரு போய்த் தெறப்பா?"

அங்கே நின்ற தன்னார்வலரிடம் இதை மொழிபெயர்த்துக் கேட்டேன். வெள்ளைத் தாடி வைத்த மனிதர், முன்பு பள்ளி ஆசிரியர் என்று சொன்னார். அவர் யோசித்தார். நடையைப் பார்த்தார், கோடி அறையைப் பார்த்தார், அங்கிருந்து வாசலுக்கு எத்தனை அடி என்று கண்ணால் அளந்தார். இத்தனை வருடத்தில் தன்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை என்றார்.

அம்மா அதற்குள் வெளியே போய்க் கல்லறைத் தோட்டத்து மதில்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.